சாரலை உண்ணும் மரவாழை

தென்காசியிலிருந்து செங்கோட்டையைக் கடந்து கொல்லம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, சமவெளியின் கடைசி வயல்வரப்பை விட்டு மலையின் மீது வளைந்து ஏறத் தொடங்கும் இடத்திலே, தமிழகத்தின் மேற்கு வாயில் போலப் புளியறை என்னும் சிற்றூர் அமைந்திருக்கிறது. தட்சிணாமூர்த்தியை வழிபட வருவோருக்கு அது ஒரு குருஸ்தலம். லாரிக்காரர்களுக்கு அது ஒரு சோதனைச் சாவடி. ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவுக் கணவாயின் வழியே தென்மேற்குப் பருவக்காற்று அள்ளிக்கொண்டு வரும் சாரலை முகத்தில் ஏந்தி நிற்பவர்க்கோ, அது பூலோகத்தின் சுகங்களில் ஒன்று. இவ்வூரின் பெயருக்கு ஊரார் வழங்கும் ஐதிகம் ஒன்று உண்டு. தில்லையம்பலத்துக்கு அந்நியரால் ஆபத்து நேர்ந்த ஒரு காலத்தில், அன்பர்கள் நடராஜப் பெருமானின் திருவுருவத்தைச் சுமந்துகொண்டு தெற்கே வந்து, இங்கிருந்த முதியதொரு புளியமரத்தின் பொந்திலே மறைத்து வைத்தார்கள் என்றும், புளியமரம் இறைவனுக்கு அறையாக அமைந்தமையால் ஊர் புளியறை ஆயிற்று என்றும் சொல்லுவார்கள். இது சரித்திரமா, கர்ணபரம்பரைக் கதையா என்று விசாரிப்பது நம் நோக்கமன்று. ஒரு மரம் தன்னை நாடி வந்த விருந்தினருக்கு இடங்கொடுத்தது என்பதையே தன் பெயராகச் சூட்டிக்கொண்ட ஊர் இது என்பதை மட்டும் மனத்திற் கொள்வோம். ஏனெனில் நாம் சொல்லப் புகும் கதையும் மரங்கள் இடங்கொடுத்த விருந்தினரைப் பற்றியதே.

இவ்வூருக்கு மேலே எழும் மலைகளில், வெயில் தரையைத் தொடாத சோலைகளுக்குள்ளே, மரத்தின் அடியிலும் கவட்டிலும் கிளையின் முதுகிலும் பாசியோடு பாசியாகப் பற்றிக்கொண்டு வாழும் செடிகள் பல உண்டு. அவற்றை இன்று நாம் ஆர்க்கிட் என்று அழைக்கிறோம். கீழ்நாட்டு விவசாயி அவற்றைக் கண்டால், மா மரத்தையும் வேம்பையும் அரிக்கும் புல்லுருவியின் சாதி என்றே எண்ணிவிடுவான். புல்லுருவியோ மரத்தின் உடலுக்குள் வேரைச் செலுத்தி அதன் சாற்றை உறிஞ்சுவது. ஆர்க்கிட்டோ பட்டையின் மேற்புறத்தைப் பற்றிக்கொள்வதோடு நின்று, காற்றிலும் மழையிலும், பட்டையின் வெடிப்பில் மக்கிக் கிடக்கும் இலைத்தூளிலும் தன் போஷணையைத் தேடிக்கொள்வது. ஒன்று கன்னமிடும் கள்வன் என்றால் மற்றொன்று திண்ணையில் படுத்தெழுந்து போகும் வழிப்போக்கன். எனினும் இரண்டையும் ஒன்றாகக் கருதும் பிழை நம் பாமர மக்களுக்கு மாத்திரம் உரியதன்று. ‘வந்தா’ என்னும் வடசொல் மரத்தின் மேல் வளரும் செடிகளுக்குப் பொதுப்பெயராக வழங்கியது. கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அச்சொல்லை ஓர் ஆர்க்கிட்டுக்குச் சூட்டி எழுத, பின்னர் அதுவே ‘வாண்டா’ என்னும் பேரினப் பெயராகி உலகெங்கும் பூக்கடைகளில் வழங்கலாயிற்று.

மலைக்கு அப்பால் உள்ளவர்கள் இவ்விஷயத்தில் நம்மினும் ஒருபடி கூர்மையானவர்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. அவர்கள் இச்செடிகளைப் புல்லுருவியிலிருந்து பிரித்து, ‘மரவாழ’ என்று தனிப்பெயரிட்டு அழைத்தார்கள். மலையாளத்தில் ‘வாழ’ என்பது வாழையைக் குறிக்கும். தமிழ்ச் செவிக்கோ அதில் மரத்தின் மேல் வாழ்வது என்ற பொருளும் சேர்ந்து ஒலிக்கிறது. இப்பெயர் நூலேறிய வரலாறு சுவையானது. கொச்சியில் டச்சுக் கம்பெனியின் ஆளுநராக இருந்த வான் ரீட், மலையாள நாட்டுத் தாவரங்களையெல்லாம் தொகுக்க முனைந்து, ஈழவ வைத்தியரான இட்டி அச்சுதனையும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி அந்தணர் மூவரையும் துணைக்கொண்டு எழுதுவித்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்ற நூல், 1678 முதல் 1693 வரையில் பன்னிரண்டு பாகங்களாக ஆம்ஸ்டர்டாம் நகரில் வெளிவந்தது. அதன் கடைசிப் பாகத்திலே மரவாழைகள் வரிசையாக இடம்பெற்றன. நாம் எட்டி என்று சொல்லும் காஞ்சிர மரத்தில் காணப்பட்டது காஞ்சிர மரவாழ. நாம் அயினி என்று சொல்லும் ஆஞ்ஞிலி மரத்தில் காணப்பட்டது ஆஞ்ஞிலி மரவாழ. செடியின் பெயரிலேயே அதற்கு இடங்கொடுத்த மரத்தின் பெயரையும் சேர்த்து வழங்கிய அவ்வழக்கம் எத்துணை நுட்பமானது என்பது, அறுபது ஆண்டுகள் கழித்து, 1753-இல், லின்னேயஸ் அவற்றையெல்லாம் ‘மரத்தின் மேலது’ என்று பொருள்படும் ‘எபிடென்ட்ரம்’ என்ற ஒரே கூட்டுக்குள் அடைத்தபோது விளங்கிற்று. இடங்கொடுத்த மரத்தின் பெயர் அன்றோடு ஏட்டிலிருந்து மறைந்தது.

ஆயினும் ரீட்டின் நூலில் பிடிபட்டவை பெரும்பாலும் தாழ்ந்த நாட்டின் பெரிய மலர்களே. வாழையிலை போன்ற தடித்த இலையும், நரிவால் போல் தொங்கும் பூங்கொத்தும் உடைய அவற்றை யார் கண்டாலும் கவனிப்பர். மேகம் படியும் உயரத்திலே, கட்டைவிரல் நகத்தின் பரப்புக்குள் தம் ஆயுள் முழுவதையும் நடத்தி முடிக்கும் குறுஞ்செடிகள் இன்னும் நெடுங்காலம் எவர் கண்ணிலும் படாமலே இருந்தன. அவற்றின் உலகம் விசித்திரமானது. பொத்தான்களைப் பட்டையின் மீது வரிசையாகத் தைத்து, அவற்றின் மேல் வலையைப் போர்த்தியது போலத் தோன்றும் ‘போர்பாக்ஸ்’ என்னும் செடி, கோடையில் இலையை முற்றும் உதிர்த்துவிட்டுக் கிழங்காகவே கிடக்கும். ‘ஓபரோனியா’ என்பது விசிறி மடிப்புப் போன்ற இலைகளின் நடுவிலிருந்து எலிவாலைப் போன்ற ஒரு கதிரை நீட்டும்; அக்கதிரில் நூற்றுக்கணக்கில் நெருங்கியிருக்கும் பூக்களில் ஒவ்வொன்றும் கடுகளவே. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால் அக்கடுகினுள்ளும் இதழும் உதடும் குறைவறப் படைக்கப்பட்டிருப்பது தெரியும். ‘டீனியோஃபில்லம்’ என்பதற்கு இலையே கிடையாது. பச்சை நிற வேர்கள் மாத்திரம் நட்சத்திரம்போல் பட்டையில் படர்ந்து, இலையின் தொழிலையும் தாமே செய்துகொள்ளும். சிருஷ்டியின் கர்த்தா பெரிய ஓலையில் எழுதிய கவியை இங்கே அரிசியின் மேல் எழுதிப் பார்த்திருக்கிறார் என்றே சொல்ல வேண்டும்.

இக்குறுஞ்செடிகளைத் தேடிக் கண்டவர்களில் முதன்மையானவர் ராபர்ட் வைட் என்னும் ஸ்காட்லாந்து வைத்தியர். 1819-இல் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னை வந்த அவர், 1830-களின் நடுவில் பாளையங்கோட்டைப் படைப்பிரிவோடு இருந்த காலத்திலே குற்றாலத்துக்கு வந்து செடி சேகரித்தார். அந்நாளில் குற்றாலம் கம்பெனியின் சீமை. அங்கே ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டுப் பார்க்கும் முயற்சியும் ஏற்கெனவே நடந்திருந்தது. ஒரு நடைதூரத்தில் உள்ள செங்கோட்டையும் புளியறையுமோ திருவிதாங்கூர் மகாராஜாவின் சீமை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரி மாகாணங்கள் அமையும் வரையில் அந்நிலைமை நீடித்தது. அரசின் எல்லை மலையடிவாரத்தைத் துண்டாடியதேயன்றி, சாரலையும் செடியையும் துண்டாடவில்லை. குற்றாலத்துத் தேனருவிக்கு மேலே உள்ள பாசியும் ஆரியங்காவுக்கு மேலே உள்ள பாசியும் ஒரே மேகத்தின் பிள்ளைகளே.

வைட் தம் வாழ்நாட் பணியாக வெளியிட்ட ‘ஐகோனஸ்’ என்னும் சித்திர நூல் 1838 முதல் 1853 வரையில் ஆறு பாகங்களாக, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சித்திரத் தகடுகளுடன் வெளிவந்தது. அதன் ஐந்தாம் பாகத்தில் தென்னாட்டு ஆர்க்கிட்கள் பெருந்தொகையாக இடம்பெற்றன. காற்று சிறிது அசைந்தாலும் உதட்டிதழின் மயிர்கள் நடுங்கும் ‘பல்போஃபில்லம் ட்ரெமுலம்’ என்ற குறுஞ்செடிக்கு, ‘நடுங்குவது’ என்று பொருள்படும் அப்பெயரைச் சூட்டியவர் அவரே. அத்தகடுகளின் மூலச் சித்திரங்களை எழுதியவர்களோ இந்நாட்டவர்: முதலில் ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து. கோவிலின் சுவரிலும் கண்ணாடியின் பின்புறத்திலும் தெய்வங்களை எழுதிப் பழகிய தென்னாட்டுத் தூரிகை மரபு, இப்போது பூதக்கண்ணாடியின் கீழே ஒரு கடுகளவுப் பூவின் மகரந்தத்தை எழுத உட்கார்ந்தது. அக்காலத்துத் துரைமார்களில் தம் சித்திரக்காரரின் பெயரையேனும் குறித்து வைத்தவர்கள் மிகச் சிலர். வைட் குறித்து வைத்ததோடு அமையாமல், 1853-இல் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் ‘கோவிந்தூயியா’ என்று தம் சித்திரக்காரரின் பெயரையே சூட்டினார்.

பெயர்களின் விதி விந்தையானது. கோவிந்துவின் பெயர் தாங்கிய அச்செடி ‘ட்ரோபிடியா’ என்ற முந்தைய பேரினத்தைச் சேர்ந்தது என்று பிற்காலத்தார் முடிவு செய்யவே, கோவிந்தூயியா என்ற பெயர் சாஸ்திர விதிப்படி வழக்கிழந்தது. கியூ தோட்டத்து ஜோசப் ஹூக்கரைப் போற்றி வைட் சூட்டிய ‘ஜோசபியா’ என்ற பெயருக்கும் அதே கதி நேர்ந்தது. அப்பெயர் வேறொரு செடிக்கு முன்னரே இடப்பட்டிருந்தது. ஆனால் ஹூக்கர் பெரிய மனிதர். ஆகவே குன்ட்ஸே என்ற ஜெர்மானியர் 1891-இல் ‘சர்’ பட்டத்தையும் சேர்த்து ‘சர்ஹூக்கெரா’ என்று புதுப்பெயர் இட்டுக் காப்பாற்றிவிட்டார். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மாத்திரமே வளரும் அச்சிறு செடி இன்றும் அப்பட்டத்தைச் சுமந்துகொண்டு நிற்கிறது. கோவிந்துவுக்குப் பட்டம் இல்லை. புதுப்பெயரிட்டுக் காப்பாற்ற ஆளும் இல்லை. ஆனால் இலங்கையின் பேராதனைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் செடிகளை எழுதிய ஹர்மானிஸ் டி அல்விஸ் என்னும் சிங்களச் சித்திரக்காரர் பாக்கியசாலி. நாம் மேலே சொன்ன இலையில்லாச் செடிகளில் ஒன்று ‘டீனியோஃபில்லம் அல்விசை’ என்று அவர் பெயரால் இன்றும் வழங்குகிறது. அது நம் மேற்குமலைத் தொடரிலும் வளர்கிறது.

சித்திரத்தில் ஏறிய செடிகள் விரைவில் கப்பலிலும் ஏறின. 19-ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்திலே ஆர்க்கிட் மோகம் பிரபுக்களைப் பிடித்து ஆட்டிற்று. வெப்பநாட்டுச் செடி என்றால் வெப்பம் வேண்டும் என்ற எளிய தர்க்கத்தின்படி, அவர்கள் நிலக்கரி அடுப்பும் வெந்நீர்க் குழாயும் வைத்த கண்ணாடி அறைகளைக் கட்டி, காற்றுப் புகாமல் அடைத்து, இரவும் பகலும் நீராவியில் செடிகளை அவித்தார்கள். ஆறு ஆயிரம் அடி உயரத்திலே குளிர்ந்த மேகத்தில் நனைந்து வளர்ந்த செடியும், கடற்கரைக் காட்டில் வளர்ந்த செடியும் அவர்களுக்கு ஒன்றே. மலைச்செடிகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன; மடிந்த இடத்துக்கு மீண்டும் காடுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வந்தன. செடி எங்கிருந்து வந்ததோ அங்குள்ள சீதோஷ்ணத்தை அறிந்து அதற்கேற்ப வளர்க்க வேண்டும் என்பது படிப்படியாகவே உணரப்பட்டது. ஜேம்ஸ் பேட்மன் போன்றோர் 1860-களில், உயர்மலை ஆர்க்கிட்களுக்கு அடுப்பு வேண்டியதில்லை, குளிர்ந்த காற்றோட்டமே வேண்டும் என்று எழுதி நிலைநாட்டினார்கள். ஒரு குளிர்நாட்டவர் தம் வீட்டுக் குளிரே அச்செடிக்கு ஏற்றது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு தலைமுறை ஆயிற்று என்பதை நினைத்தால், அறிவுக்கும் செல்வத்துக்கும் உள்ள தூரம் ஒருவாறு புலனாகும்.

இவ்வளவு மடிந்தும் அவர்கள் ஏன் விதையிட்டு நாற்று எடுக்கவில்லை என்று கேட்கலாம். ஆர்க்கிட்டின் விதை தூசியினும் நுண்ணியது. ஒரு காயிலே ஆயிரமாயிரமாகக் கிடக்கும். ஆயின் நெல்லிலும் பயற்றிலும் தாய்ச்செடி கட்டிக் கொடுத்தனுப்பும் கட்டுச்சோறு அவ்விதையில் இல்லை. காற்றிற் பறந்து ஒரு கிளையில் படிந்தபின், அங்கே குறித்ததொரு பூஞ்சணம் இருந்து உணவூட்டினால் மாத்திரமே அது முளைக்கும். இந்த இரகசியத்தைப் பிரான்சு நாட்டு நோயெல் பெர்னார் 1899-இல் கண்டறிந்தார். பூஞ்சணம் இல்லாமலே, சர்க்கரை கலந்த அகர்ப் பாகில் விதையை முளைப்பிக்கலாம் என்று அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் 1922-இல் காட்டினார். இன்று பூக்கடையில் மலிவாகக் கிடைக்கும் ஆர்க்கிட்கள் யாவும் அந்தக் கண்ணாடிக் குப்பியின் வழித்தோன்றல்களே. காட்டைத் தொடாமல் ஆர்க்கிட் வளர்க்கும் தர்மத்தை மனிதனுக்குச் சாத்தியமாக்கியவர்கள் இவ்விருவரும் ஆவர்.

இனி, வளர்ப்பு என்னும் கலையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அதைக் கற்பிக்கப் புளியறைச் சாரலைவிடச் சிறந்த ஆசான் இல்லை. சாரலின் இலக்கணம் மூன்று. அது நனைக்கும், ஆனால் தேங்காது. நனைத்த சிறிது நேரத்தில் காற்று வந்து உலர்த்திவிடும். அதன் நீரில் உப்பு என்பதே இராது. குறுஞ்செடியின் வேரைக் கூர்ந்து பார்த்தால் இம்மூன்றுக்கும் ஏற்ற அமைப்பு அதில் இருப்பது தெரியும். வேரின் மேல் பஞ்சு போன்ற வெள்ளி நிற உறை ஒன்று உண்டு. அது உலர்ந்திருக்கையில் வெண்மையாகவும், ஒரு துளி பட்டவுடன் நீரை உறிஞ்சி உள்ளிருக்கும் பச்சை தெரியும்படியாகவும் மாறும். அந்த உறை இடையிடையே உலர்ந்து மூச்சு வாங்க வேண்டும். எப்போதும் ஈரமாய்க் கிடந்தால் அழுகிவிடும். ஆகையால் இச்செடியைத் தொட்டியில் மண்ணிட்டு நடுவது அதை உயிரோடு புதைப்பதற்கு ஒப்பாகும். சொரசொரப்பான பட்டையுள்ள மரக்கட்டைத் துண்டிலோ, உரித்த தேங்காய் மட்டையிலோ சிறிது பாசியை வைத்து, வேர் பற்றும் வரையில் நூலால் கட்டித் தொங்கவிடுவதே முறை. உருவில் சற்றுப் பெரியவற்றுக்குக் கரித்துண்டும் ஓட்டுச்சில்லும் நிரப்பிய துளைச்சட்டி போதும்.

தண்ணீர் மழைநீராக இருத்தல் உத்தமம். தென்காசி வட்டாரத்துச் சமவெளியில் ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீரைத் தெளித்தால், சில வாரங்களில் வேர்நுனி கருகி, இலை ஓரம் பழுப்பேறுவதைக் காணலாம். காலையில் தெளித்து மாலைக்குள் உலர விட வேண்டும். உரம் இடுவதானால், புத்தகம் சொல்லும் அளவில் நாலில் ஒரு பங்கு நீர்த்து இட்டால் போதும், ஏனெனில் இது பட்டினியில் பழகிய குலம். நேர் வெயில் ஆகாது. காற்று நின்றுவிடுதல் அதனினும் ஆகாது. இவையனைத்தையும் செய்து கொடுத்தாலும் செய்து கொடுக்க முடியாதது ஒன்று எஞ்சுகிறது. அதுதான் இரவின் குளிர். உயர்மலைச் செடி பகலில் சேர்த்த உணவைச் செலவிடாமல் காத்துக்கொள்வது இரவு குளிர்வதனாலேதான். கீழ்நாட்டின் புழுக்கமான இரவில் அது தான் ஈட்டியதையெல்லாம் மூச்சாகவே செலவழித்து, மாதக்கணக்கில் மெலிந்து, ஒரு நாள் காரணம் தெரியாமல் உதிர்ந்துபோகும். மலையிலிருந்து பெயர்த்து வந்து, ‘கைராசி இல்லை’ என்று நொந்துகொள்பவர்கள் அனைவரும் அறிய வேண்டிய காரணம் இதுவே.

இந்த உண்மையை உணர்ந்தே, இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையார் தென்னாட்டு ஆர்க்கிட்களைப் பேணும் தோட்டத்தை அனல் பறக்கும் நகரம் எதிலும் வைக்காமல், சேர்வராயன் மலைமீது ஏற்காட்டிலே 1963-இல் அமைத்தார்கள். மேற்குமலைத் தொடரின் அபூர்வமான குறுஞ்செடிகள் பல அங்கே பெயர்ச்சீட்டுடன் வாழ்ந்து வருகின்றன. நீலகிரி ஆர்க்கிட்களைப் பற்றி ஜே. ஜோசப் எழுதிய நூல் அத்துறையாரின் வெளியீடாக 1980-களில் வந்தது. மலைக்கு அப்புறத்தில், 1979-இல் தோன்றிய பாலோடு வெப்பமண்டலத் தாவரத் தோட்டத்தில், அதன் முதல் இயக்குநர் ஏ. ஆப்ரகாம் ஆர்க்கிட் ஆராய்ச்சிக்கு அடிகோலினார். பழைய திருவிதாங்கூரின் மரவாழைகள் இப்போது குப்பியில் முளைத்து நாற்றாகும் காலம் அவ்வாறு பிறந்தது.

காட்டிலிருந்து எடுப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் மலைத்தொடரே சாட்சி சொல்லும். அச்சாட்சி, மரத்திலன்றித் தரையில் வாழும் ஓர் ஆர்க்கிட்டின் கதை. எனினும் அக்கதை இங்கே பொருந்தும். 1865-இல் கர்னல் ஹீபர் ட்ரூரி என்பவர் அகத்தியமலைப் பகுதியில், பொன்னிற இதழின் நடுவே கரும்பழுப்புக் கோடு இழுத்தாற்போன்ற ஓர் ஆர்க்கிட்டைக் கண்டார். பெட்டோம் என்னும் வன அதிகாரி 1870-களில் அதற்கு ட்ரூரியின் பெயரையே இட்டு வெளியிட்டார். அச்செடியின் பேரினத்தில் தென்னிந்தியாவில் வளரும் இனம் அது ஒன்றே. பின்னர் ஒரு நூற்றாண்டுக் காலம் அது காட்டில் அரிதாகக்கூடக் காணப்படாமல், 1972-இல் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. கண்டெடுத்த செய்தியே அதற்கு எமனாயிற்று. சில ஆண்டுகளுக்குள் சேகரிப்போர் அதைக் கூட்டங்கூட்டமாக அகழ்ந்து கொண்டுபோய்விட்டார்கள். இன்று அவ்வினம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருக்கிறது. சர்வதேச உடன்படிக்கையும் காட்டில் எடுத்த அதன் விற்பனையைத் தடுக்கிறது. நம் குறுஞ்செடிகளையும், ஆர்க்கிட் குலம் முழுவதையும், அவ்வுடன்படிக்கை தன் கண்காணிப்பில் வைத்திருக்கிறது. ஆனால் எந்தச் சட்டமும் ஒரு மரக்கிளையின் மேல் நின்று காவல் காக்க இயலாது.

புல்லுருவி எது, விருந்தாளி எது என்ற பழைய கேள்விக்கு இவ்வரலாறு முழுவதும் விடை சொல்லிவிட்டதாகவே தோன்றுகிறது. மரத்திடம் ஒரு சொட்டும் வாங்காமல் அதன் தோளில் தங்கிய செடி விருந்தாளி. அச்செடியைக் கிளையோடு முறித்துச் சென்று, தன் வீட்டுப் புழுக்கத்தில் ஒரு பருவம் வைத்திருந்து குப்பையில் எறியும் நாமே புல்லுருவிகள். சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு நீராட வருவோரும், புளியறை வழியே மலை கடப்போரும் ஒன்று செய்வார்களாக: மலையிற் பெயர்த்தது என்று யாரேனும் பாசியோடு செடியைக் கையில் நீட்டினால், விலை கேட்காமல் நடந்துவிடுங்கள். வளர்க்கும் ஆசை உள்ளவர்கள் குப்பியில் பிறந்து நாற்றங்காலில் வளர்ந்த செடியை வாங்கி, மரக்கட்டையில் கட்டி, மழைநீர் தெளித்துப் பழகலாம். உயர்மலைக் குறுஞ்செடியைக் கண்டே ஆக வேண்டும் என்பவர்கள் ஏற்காட்டுக்குப் போய், ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, கோவிந்து பார்த்தது போலப் பார்த்துவிட்டு வரலாம்.